படலையில் நிறுத்தாத எஞ்சின்

"நிப்பாட்டிப்போட்டு இறங்குமன் மாஸ்ரர். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"ஏலாது மச்சான். நிப்பாட்டினால் பிறகு எழும்பாது."

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகும் ஓர் ஒழுங்கையின் முடிவில், துரை மச்சானின் வளவு வாசலை மூடும் படலைக்கு முன்னால், இந்த இரண்டு வசனங்களையும் இரண்டு வருடத்துக்கு மேலாக ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டோம். சொல்லிக்கொண்டோம் என்பது பிழை. கத்திக்கொண்டோம். என் காரின் எஞ்சின் அங்கே நின்ற நேரம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

துரை மச்சான் என் மனைவி மலரின் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மனைவி செத்து, ஒரே மகளும் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு, அந்த வளவில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கோப்பாயில் காலை வகுப்பு. அது முடிந்து சுன்னாகம் திரும்பும் வழியில், மலர் கட்டித் தந்த சாப்பாட்டுக் கரியரை அவரிடம் கொடுப்பது என் வேலை.

சத்தம் கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டியபடி வருவார். தோளில் துவாய், கையில் வாழைக்கறை. போன கிழமைக் கரியரைக் கழுவித் துடைத்து, அதற்குள் ஒரு வாழைப்பூவோ நாலு கப்பல் வாழைப்பழமோ வைத்திருப்பார். கார்க் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு கரியர் வரும், வெளியே ஒன்று போகும். காரின் கூரையில் கையை வைப்பார், சுட்டதும் எடுப்பார், மறந்துபோய் மறுபடி வைப்பார். மூன்று நிமிடம், கூடினால் நாலு. நான் கியரைப் போட்டுவிடுவேன்.

போன கிழமை இந்தப் பத்தியில் என் முதல் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் விட்ட பிழைகளை எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்த ஒருவர் சுன்னாகம் சந்தையில் என்னை மறித்து, "மாஸ்ரர், எப்பவும் மற்றாக்கள் விட்ட பிழையையே எழுதுறியள். நீங்கள் ஒண்டும் விடேல்லையோ?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, கேட்டதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆகவே இந்தக் கிழமை என் முறை.

வெங்காயத்தோடு நின்ற கார்

நான் கார் வாங்கியது ஓய்வு பெற்ற பிறகு. அதுவரை சைக்கிளும், பிறகு ஒரு ஸ்கூட்டரும்தான். மலருக்கு முழங்கால் நோ வந்து, ஸ்கூட்டரில் ஏறி இறங்க முடியாமல் போனபோது, மூன்று பேர் கைமாறிய ஒரு சாம்பல் நிற ஜப்பான் காரை வாங்கினேன். வயதான கார்தான். ஆனால் அதில் காபரேற்றர் இல்லை. பெற்றோலை ஒரு பம்ப் அழுத்தித் தள்ள, ஊசிமுனைக் குழாய்கள் அதை எஞ்சினுக்குள் பீச்சும். எவ்வளவு பீச்சுவது என்று ஒரு சின்னக் கொம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். இதை நான் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேளாதவர்களுக்கும் சொன்னேன்.

முப்பத்திரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன் நான். ஒன்றை விளங்கப்படுத்தத் தொடங்கினால் இலேசில் நிறுத்த மாட்டேன். மலர் சொல்வாள், "உங்களுக்கு பிரேக் இல்லை" என்று.

கார் முதன்முதலாக மக்கர் பண்ணியது சுன்னாகம் சந்தையில். நல்ல வெயில். வெங்காயமும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பற்றறிக்குக் குறைச்சல் இல்லை. காலையில் வீட்டில் தொட்டவுடன் பிடித்த அதே கார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கார் நின்றுவிட்டால் தனியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் பொனற்றுக்குள் தலையை விட்டிருந்தார்கள். பிளக் என்றார் ஒருவர். பெற்றோலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். மரக்கறி விற்ற அம்மா ஒருவர் இருந்த இடத்திலிருந்தே, "தம்பிமார், மாஸ்ரரை உள்ளுக்கை இருத்திப்போட்டு ஒரு மாட்டைக் கட்டுங்கோவன்" என்றார். கூட்டம் சிரித்தது. அதில் என்னிடம் படித்தவனும் ஒருவன் இருந்தான்.

முக்கால் மணித்தியாலம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, தொட்டவுடன் பிடித்தது.

அதன் பிறகு இது வழக்கமானது. நிறுத்திய கையோடு திருப்பினால் பிடிக்கும். பத்து நிமிடம் விட்டுத் திருப்பினால் பிடிக்காது. முக்கால் மணி பொறுத்தால் மறுபடி பிடிக்கும். இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கண்டுபிடித்ததும், எனக்கு நோயே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

மண்ணெண்ணெய்க் காலத்து வைத்தியம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சண்டைக் காலத்தில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத வருடங்கள் இருந்தன. அப்போது எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்து, காபரேற்றரின் வாயில் நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். எழும்பிச் சூடேறினால் பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒழுங்கை நிறைய நிற்கும். உடுப்புத் துவைத்தாலும் போகாத மணம் அது.

துரை மச்சான் அந்த நாட்களில் ஒரு பழைய இங்கிலாந்துக் காரை ஹயருக்கு ஓட்டினார். பிள்ளைப்பெறுவுக்குப் போகிறவர்களும் பாம்பு கடித்தவர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் எங்கே போனாலும் எஞ்சினை நிறுத்த மாட்டார். நிறுத்தினால், மறுபடி எழுப்ப அந்தப் போத்தலில் நாலு சொட்டுக் குறையும். அடுத்த அவசரத்துக்கு அது இல்லாமல் போகும். ஆகவே அவர் வீடுகளுக்குள் போவதில்லை. படலையில் கார் உறுமிக்கொண்டு நிற்க, கதைக்க வேண்டியதைக் கதைத்துவிட்டுப் போவார். யாரும் குறை நினைத்ததில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

அவரிடம் பார்த்த இன்னொரு வித்தை ஈரத்துணி. வெயிலில் பெற்றோல் பம்ப் சூடேறி, உள்ளே எண்ணெய் ஆவியாகி அடைத்துக்கொண்டால், நனைத்த துணியை அதன் மேல் சுற்றிவிடுவார். ஆவி குளிர்ந்து திரவமாகும். கார் எழும்பும். இரசாயன ஆசிரியனான எனக்கு அது மிகவும் பிடித்த வித்தை. வகுப்பில் ஆவியாதல் படிப்பிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சுன்னாகம் சந்தைக்குப் பிறகு நான் என் காரில் இதைத்தான் செய்தேன். பொனற்றைத் திறந்து, பெற்றோல் குழாயின் மேல் நனைத்த துவாய் ஒன்றைப் போட்டேன். அரைப் போத்தல் தண்ணீரும் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் கார் பிடித்தது. இன்னொரு நாளும் செய்து பார்த்தேன், பிடித்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பெற்றோல் ஆவி என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து காரின் பின்சீற்றில் ஒரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் எப்போதும் இருந்தன. பட்டணத்தில் ஒரு கராச்சில் கொடுத்து பெற்றோல் பில்ரரை மாற்றினேன். பம்பை மாற்றினேன். ஊசிகளைக் கழுவினேன். எஞ்சின் சூட்டைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் சின்ன ஆணி ஒன்றையும் மாற்றினேன். அந்தக் கராச்சில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் மாற்றச் சொன்னதை அவர்கள் மாற்றினார்கள். கார் தன்பாட்டுக்கு அப்படியே இருந்தது.

நடுவில் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்ற காலம் ஒன்று வந்தது. வரிசை நகரும்போது எல்லோரும் மிச்சம் பிடிக்க எஞ்சினை எழுப்பாமல் காரைத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். என் கார் மற்றக் கார்களோடு சரிசமமாக நின்ற ஒரே காலம் அதுதான்.

பெற்றோல் மணந்தது

துரை மச்சானுக்கு முதல் மாதமே விஷயம் தெரியும். வகுப்பு இல்லாத ஒரு சனிக்கிழமை மலரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இறங்கிக் கதைத்துவிட்டுத் திரும்பும்போது கார் எழும்பவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவர் காரின் பின்பக்கம் போய், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்தி இருந்து மூக்கை உறிஞ்சினார்.

"மாஸ்ரர், பெற்றோல் மணக்குதெல்லே?"

"ஓம், மணக்குது. அதுக்கு?"

"மணக்கிற பெற்றோல் வரேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறீர்? பெற்றோல் உள்ளுக்கை போய் எரியாமல் வெளியிலை வருது. எரிக்க நெருப்பு இல்லை. சூட்டிலை கரண்ட் நிண்டுபோகுது."

நான் துணி, ஆவி என்று தொடங்கினேன். அவரிடம் பார்த்த வித்தையை அவருக்கே படிப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி. அது அந்தக் கார். இதுக்கு நான் சொல்லுறதை ஒருக்காச் செய்து பாப்பம். இண்டைக்குப் பிளக் ஸ்பனர் கையிலை இல்லை. அடுத்த முறை வரேக்கை நிப்பாட்டும். பதினைஞ்சு நிமிசம் சும்மா விடுவம். எழும்பாமல் நிக்கேக்கை நான் ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோடை எஞ்சினிலை முட்ட வைச்சுக்கொண்டு நிக்கிறன். நீர் திறப்பைத் திருப்பும். நீலமாப் பொறி அடிச்சால் நான் பிழை. அடிக்காட்டில் நீர் பிழை. சூட்டிலைதான் பாக்கவேணும். ஆறினாப் பிறகு பாத்து என்ன பிரயோசனம்?"

"அந்தப் பதினைஞ்சு நிமிசமும் என்ன செய்யிறது?"

"தேத்தண்ணி குடிக்கிறது" என்று சிரித்தார்.

இரண்டு நிமிடத்துப் பரிசோதனை. ஒரு பிளக், ஒரு வயர், பொறி வருகிறதா இல்லையா. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு கருதுகோள் சரியா பிழையா என்று பார்க்க அதைவிடச் சுத்தமான வழி கிடையாது. அதை நான்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னது இதுதான். "மச்சான், இது உங்கடை மண்ணெண்ணெய்க் கார் இல்லை. இதுக்குள்ளை கொம்பியூட்டர் இருக்கு. பிளக்கைக் கழட்டி விளையாடுற சாமான் இல்லை."

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு, "அதுவும் சரிதான்" என்று துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ பேரின் உயிரை அந்த மண்ணெண்ணெய்க் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனிசன். அவருக்கு நான் அப்படிச் சொன்னேன். அன்றைக்கே ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதன் பிறகுதான் படலையில் எஞ்சினை நிறுத்தாமல் விடத் தொடங்கினேன். நிறுத்தினால் கார் எழும்பாது என்பது உண்மை. எழும்பாவிட்டால் அவர் பிளக்கைக் கழற்றுவார் என்பதும் உண்மை. இரண்டில் எது என்னைக் கூடத் தடுத்தது என்று இப்போது கேட்டால், இரண்டாவதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் இறங்கச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் நான் காரைச் சாட்டினேன்.

குக்கர் பாடம்

உண்மை எனக்கு வகுப்பில் வைத்துத்தான் வெளித்தது. கோப்பாயில், தகரக் கூரைக்குக் கீழே, உயர்தரப் பிள்ளைகளுக்கு கொதிநிலை படிப்பித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். அதனால்தான் மூடிய குக்கருக்குள் தண்ணீர் நூறு பாகைக்கு மேலேயும் ஆவியாகாமல் நிற்கிறது. இதை எத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன்!

வெண்கட்டியோடு கை அப்படியே நின்றது. என் காரின் பெற்றோல் குழாயும் மூடிய குக்கர்தானே? பம்ப் புதிது. திறப்பைப் போட்டதும் அது இரண்டு விநாடி உறுமிக் குழாயை அழுத்தி நிரப்புவது என் காதாலேயே கேட்கிறது. அந்த அழுத்தத்தில் பெற்றோல் இலேசில் ஆவியாகி அடைக்காது. பழைய கார்களில் ஆவி பிடித்தது, அவற்றில் அழுத்தம் இல்லாததால். முன்வாங்கில் இருந்த பிள்ளை, "சேர், சுகமில்லையோ?" என்று கேட்டாள். சுகமில்லைத்தான்.

அப்போதாவது நீர்வேலிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த நாள் கொண்டாவிலில் ரஞ்சன் என்றொரு மெக்கானிக்கிடம் போனேன். எனக்கு முன்பின் தெரியாத ஆள், அதனால்தான் போனேன். ரஞ்சன் காரைப் பலாலி வீதியில் நன்றாகச் சூடேற ஓட்டி வந்து நிறுத்தினார். "இருங்கோ சேர், பதினைஞ்சு நிமிசம் கிடக்கட்டும்" என்று ஒரு பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சினில் முட்டவைத்தார்.

"திருப்புங்கோ."

திருப்பினேன். எட்டிப் பார்த்தேன். பொறி இல்லை.

பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள், தீப்பெட்டியளவில் ஒரு கறுப்புக் கட்டி இருக்கிறது. பொறியை விடுவது அதுதான். ஓடும்போது காற்றில் தப்பிப் பிழைத்துவிடும். நிறுத்திய பிறகு எஞ்சினின் சூடு மேலே ஏறி அதைப் பிடிக்கும்போது செத்துவிடும். ஆறினால் உயிர் வரும்.

"அப்ப ஈரத்துணி போட்டால் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

ரஞ்சன் டோர்ச்சை அடித்துக் காட்டினார். பெற்றோல் குழாயிலிருந்து டிஸ்ரிபியூட்டரின் தலைவரைக்கும் தண்ணீர் வடிந்து காய்ந்த வெள்ளைக் கோடு. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, இரண்டு வருடமாக அந்த இடத்தில் கோடு கீறியிருந்தது. "உங்கடை துணி பெற்றோலை ஆத்தேல்லை சேர். சொட்டுச் சொட்டா இதைத்தான் ஆத்தியிருக்கு. ஆர் உங்களுக்கு இதைப் பெற்றோல் எண்டு சொன்னது?"

"ஆரோ சொன்னாங்கள்" என்றேன்.

கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து எடுத்த கறுப்புக் கட்டி ஒன்றைப் போட்டார். அரை மணித்தியால வேலை. அதன் பிறகு என் கார் எந்த வெயிலிலும், எத்தனை நிமிடம் விட்டாலும், தொட்டவுடன் பிடித்தது.

ஆறு ஞாயிறு

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். "அண்ணை அண்டைக்குச் சொன்னதுதானே?" என்றாள். ஓம் என்றேன். "நானே அவருக்குச் சொல்லுறன். நீ போனிலை சொல்லிப்போடாதை" என்றேன். நேரில் போய், இறங்கி, அவர் ஊற்றும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "மச்சான், நான் பிழை" என்று சொல்வதாகத்தான் உத்தேசம்.

அந்த ஞாயிறு போனேன். கை திறப்பில் இருந்தது. துரை மச்சான் கரியரோடு வந்தார். கூரையில் கையை வைத்து எடுத்தார்.

"கார் இப்ப எப்பிடி, மாஸ்ரர்?"

"அப்பிடித்தான் மச்சான்."

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். வரவில்லை. திறப்பைத் திருப்புவதுதான் பாக்கி. திருப்பியிருந்தால் முதல் வசனமாக நான் பிழை என்பது வந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் விடைத்தாளில் சிவப்புப் பேனையால் பிழை போட்டவனுக்கு, தன் தாளில் ஒன்று போட வரவில்லை. அடுத்த கிழமை என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை இன்னும் கடினமாக இருந்தது. இப்போது பிழையோடு ஒரு பொய்யும் சேர்ந்திருந்தது. அதற்கடுத்த கிழமை இரண்டு பொய். சரியாகிவிட்ட காரை, எரியத் தேவையில்லாத பெற்றோலை எரித்துக்கொண்டு, அந்தப் படலையில் ஓடவிட்டபடி நின்றேன். ஒவ்வொரு முறையும் அவர், "கார் இப்ப எப்பிடி, மாஸ்ரர்?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் "அப்பிடித்தான்" என்றேன்.

ஒன்று மட்டும் அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அந்தக் கிழமைகளில் அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை. காரைப் பற்றி மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றார்.

ஆறு ஞாயிறு போனது. ஏழாவதுக்கு முந்தின வியாழன் காலை, வாய்க்காலில் வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி வரம்பில் இருந்துவிட்டார். குலை வெட்ட வந்தவர் கண்டு ஓட்டோவில் கொண்டு போயிருக்கிறார். எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவருக்கு, பத்து நிமிடத் தூரத்தில் தொட்டவுடன் பிடிக்கும் கார் ஒன்று என் வீட்டு வாசலில் நின்றது. அவர் அதைக் கூப்பிட நினைத்தாரோ, அது எழும்பாது என்று விட்டாரோ என்று எண்ணி எண்ணி நான் அந்த மாதம் நித்திரை கொள்ளவில்லை.

கீரிமலை

முப்பத்தோராம் நாள் மச்சானின் அந்தியேட்டிக் கிரியை. மலரையும், வவுனியாவிலிருந்து வந்து நின்ற மச்சானின் மகளையும் ஏற்றிக்கொண்டு விடியவே கீரிமலைக்குப் போனேன். அவளின் புருஷன் மற்றவர்களோடு வான் ஒன்றில் வந்தார். கிரியை நடந்துகொண்டிருக்கும்போது, ஐயருக்குத் தானம் கொடுக்கும் வேட்டியை வீட்டில் விட்டு வந்தது தெரிந்தது. நான் காரை எடுத்துக்கொண்டு தெல்லிப்பளைச் சந்திவரை ஓடி, வாங்கி வந்தேன். வந்து வெயிலில் நிறுத்தினேன். காரியங்கள் முடிந்து, சாம்பலைக் கடலில் கரைத்து, ஆண்கள் கேணியில் ஒரு முழுக்குப் போட்டு வர இருபது நிமிடம் ஆனது. தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. வெளியே மணல் காலைச் சுட்டது.

ஈர வேட்டியோடு காருக்குள் ஏறினேன். மலர் பக்கத்தில். பிள்ளை பின்னால். திறப்பைப் பிடித்தேன். பழைய கணக்குப்படி, சரியாக எழும்பாமல் நிற்கும் நேரம். என் வாழ்க்கையில் முதன்முறையாக, இந்தக் கார் எழும்பக்கூடாது என்று ஆசைப்பட்டேன். இன்றைக்கு ஒரு முறை எழும்பாமல் நின்றால், படலையில் நான் சொன்னதில் ஒரு துளியாவது உண்மையாகும்.

தொட்டவுடன் பிடித்தது.

ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். மலர் என்னைப் பார்க்காமல், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணைக்குத் தெரியும்."

"என்ன?"

"கார் சரி வந்தது. நான் அண்டைக்குப் பின்னேரமே போனிலை சொல்லிப்போட்டன். நீங்கள் சொல்லாதை எண்டனீங்கள்தான். சந்தோசத்திலை வாயிலை வந்திட்டுது."

மலர் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'நீ ஒண்டும் கேட்டுப்போடாதை, மாஸ்ரர் வந்து தானாச் சொல்லட்டும்' எண்டவர். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போனாப் பிறகு எனக்கு எடுப்பார். 'இண்டைக்கும் சொல்லேல்லை' எண்டு சிரிப்பார்."

"கடைசி ஞாயிறு?"

மலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அண்டைக்குச் சிரிக்கேல்லை. 'என்னிலை இன்னும் கோவமோ?' எண்டு கேட்டவர்."

ஆறு தரம் கேட்டிருக்கிறார், கார் இப்போது எப்படி என்று. ஆறு தரமும் பதில் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, எனக்காகக் கொஞ்சம் நின்றிருக்கிறார். கோபம் என்னில் அவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அவரில் கோபம் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிசன் போய்விட்டார்.

பிள்ளையை விடுவதற்காக நீர்வேலிக்குப் போனோம். ஒழுங்கையின் முடிவில், படலைக்கு முன்னால், வழக்கமாக நிற்கும் இடத்தில் காரைக் கொண்டுபோய் விட்டேன். திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. காற்றுக்கு வாழையிலைகள் உரசின. வளவுக்குள் எங்கேயோ கிளிகள் கத்தின. இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் அங்கே போயும் இவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

பிள்ளை படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, இறங்கி வாங்கோ. தேத்தண்ணி ஊத்துறன். அவசரமெண்டால் பரவாயில்லை."

"இல்லைப் பிள்ளை. வாறன்" என்றேன்.

உள்ளே போய் விறாந்தையில், அவர் வழக்கமாக இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த மற்றதில் இருந்தேன். அடுப்படியில் கேத்தல் வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே, படலைக்கு முன்னால், கார் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.